பாக்கெட் வைக்காத நைட்டி

அந்த நாட்டில் வந்து இறங்கும் பெண்கள், கடை சாத்துவதற்குள் அன்றாட உடை ஒன்றை வாங்கி, அதை உடுத்திக்கொண்டு, இரண்டு வெறுங்கையையும் வீசி நடந்து வெளியே வர வேண்டும். வராதவர்களை மடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதை விமானத்திலேயே சொல்லிவிட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரி ஏற்கெனவே மடிக்கப்பட்டவள். இடுப்பில் மடிப்புக் கோடு தெரிந்தது. வலிக்காது என்றாள். முதலில் கையை விரித்து நீவிவிடுவார்களாம்.

எனக்கு அதுதான் பிரச்சினை. என் வலது கைக்குள் சாவி இருந்தது.

அது என் வீட்டுச் சாவி. டெலிபோன் ஆபீசில் நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மதுரை திருப்பாலையில் வாங்கிய வீடு. பத்திரத்தில் கோகிலவாணி என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. அது பலருக்குச் செரிக்கவில்லை. நான் தனியாக வெளிநாடு கிளம்புகிறேன் என்றதும், நாத்தனார் சரோஜினி மதினி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போ, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார். அந்த வீட்டில் செடி இல்லை. கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்றார் என் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி. எங்கள் குடும்பத்தில் சாவி யார் கையில் இருக்கிறதோ வீடு அவர்களுடையது. பத்திரம் எல்லாம் பீரோவில் இருக்கும்.

நான் சாவியைக் கைக்குள் வைத்து மூடினேன். மூடியபடியே விமானம் ஏறினேன்.

கைப்பையில் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். என் கைப்பைக்குள் என் கை போனதைவிட மற்றவர்கள் கை போனதுதான் அதிகம். சில்லறைக்கு, மாத்திரைக்கு, பேனாவுக்கு, சும்மா. எனக்குத் தேவை பாக்கெட். உடம்போடு ஒட்டிய பாக்கெட். அது கிடைத்தால் சாவியும் தப்பும், நானும் மடிபடாமல் தப்புவேன். வேறு எதையும் அந்த நாட்டில் நான் பார்க்க விரும்பவில்லை.

கடையின் கீழ்த்தளம் ஆண்களுக்கானது. சட்டைக்குப் பாக்கெட் இருந்தது. பனியனுக்குப் பாக்கெட் இருந்தது. பாக்கெட்டுக்கு உள்ளே ஒரு சின்னப் பாக்கெட் இருந்தது. கைக்குட்டைக்கும் வைத்திருந்தார்கள். கைக்குட்டைக்கு எதற்கு என்று கேட்டேன்.

“ஆம்பளைங்க கைக்குட்டைம்மா” என்றான் விற்பவன்.

பெண்கள் பகுதி மேலே இருந்தது. நான் ஏற ஏறப் படிக்கட்டு நீண்டது. பாதி வழியில் ஒருவர் முழங்கால் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தாண்டி ஏறினேன். ஆண்களைப் படியில்லாத தளத்தில் வைத்துவிட்டு, பெண்களை இப்படி ஏறவைக்கிற கட்டடத்தை எவன் கட்டினானோ, அவன் நாசமாய்ப் போக.

மேலே நின்ற பெண்ணுக்குப் பொன்னிறத் தலைமுடி. சட்டையில் ஹெல்கா என்று எழுதியிருந்தது. அந்த நாட்டில் எல்லாரும் மதுரை ஜவுளிக்கடைத் தமிழ்தான் பேசினார்கள். வெளிநாட்டில் அப்படித்தான்.

“வாங்கம்மா. யாருக்குப் பாக்குறீங்க?”

“எனக்கு.”

“சரிங்கம்மா. மகளுக்கா, மருமகளுக்கா?”

“எனக்கு. காட்டன் நைட்டி. பாக்கெட் வச்சது.”

“சம்பந்தியம்மாவுக்கா?”

நான் அண்ணாந்து பார்த்தேன். பலகைகள் தொங்கின. மகளுக்கு. மருமகளுக்கு. சம்பந்தியம்மாவுக்கு. வேலைக்காரம்மாவுக்கு. விசேஷத்துக்கு வருபவர்களுக்கு. எல்லாப் பலகையின் கீழும் பெண்கள் நின்று, துணியைத் தங்கள் மேல் வைத்துப் பார்த்து, வேறு யாருக்கோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை தீபாவளிக்கு நானும் அப்படி நின்றிருக்கிறேன். எல்லாருக்கும் எடுத்து முடித்தபின் மிஞ்சிய காசில் மிஞ்சிய கலரில் எனக்கு ஒன்று எடுத்திருக்கிறேன். அப்போது வராத கோபம் இப்போது வட்டியோடு வந்தது.

“‘எனக்கு’ன்னு ஒரு செக்‌ஷன் இல்லீங்களேம்மா” என்றாள் ஹெல்கா. அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து ஒரு நைட்டியை எடுத்தாள். காப்பிப் பொடி நிறம், வெள்ளைப் பூப் போட்டது. யாரோ வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனதாம். எனக்கு ஆகும் என்றாள். பக்கவாட்டில் தடவிப் பார்த்தேன். பாக்கெட் இல்லை.

“பாக்கெட் வச்சா ஷேப் போயிரும்மா.”

“நைட்டிக்கு ஏதும்மா ஷேப்பு?”

அவள் யோசித்தாள். மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் வந்தார். பாக்கெட் வைத்தால் ஷேப் போய்விடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

“போட்டுப் பாருங்கம்மா. உங்க வீட்டாளுங்க எல்லாரும் உள்ளதான் இருக்காங்க” என்று ஹெல்கா ட்ரையல் ரூமைக் காட்டினாள்.

ட்ரையல் ரூமின் திரையை விலக்கினால் ஒரு நடை. நடை முடிந்ததும் ஒரு கூடம். சோபாவில் சரோஜினி மதினியும், சின்ன மாமனார் பொன்னுச்சாமியும், என் வீட்டுக்காரரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஜவுளி எடுக்கப் போனால் குடும்பமே கூடப் போவது எங்கள் வழக்கம். எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பதுதான் புதிது.

கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்று உடை மாற்றினேன். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் சாவியை வாயில் கவ்விக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அவர்கள் பேசினார்கள். வீட்டை மதினியின் மகன் பேருக்கு மாற்றிவிடலாம் என்றார் சின்ன மாமனார். இவளுக்கு எதற்குத் தனியாக ஒரு வீடு என்றார் மதினி. அதுவும் நியாயம்தான் என்றார் என் வீட்டுக்காரர். என் வாயில் சாவி இருந்தது. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் நைட்டியோடு வெளியே வந்தேன். சாவி மறுபடி கைக்குள் போயிருந்தது. கலர் கொஞ்சம் மங்கல் என்றார் சின்ன மாமனார். மதினி எழுந்தார். அவர் கையில் தாம்பாளம் இருந்தது. வெற்றிலை, பாக்கு, குங்குமம், மேலே ஒரு பச்சை ரவிக்கைத் துணி.

“கிளம்புற பொம்பளைய வெறுங்கையோட அனுப்பக் கூடாது. வாங்கிக்க வாணி. ரெண்டு கையாலயும் வாங்கணும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேலையில் இருந்திருந்தால் முந்தானையை ஏந்தியிருப்பேன். நைட்டிக்கு முந்தானை இல்லை. அதற்காகவே நான் உடை மாற்றும்வரை பொறுமையாகக் காப்பி குடித்திருக்கிறார்கள்.

“சாவிய எங்கிட்ட குடு. வாங்கிட்டு அப்புறம் தர்றேன்” என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு மென்மையாகப் பேசியதில்லை.

நான் துணியைப் பார்த்தேன். எனக்கு அதைத் தெரியும். ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கும். இருந்தது. என் கல்யாணத்தில் எனக்கு வைத்துக் கொடுத்தது. நான் யாருக்கோ வைத்துக் கொடுத்தேன். அவள் இன்னொருத்திக்குக் கொடுத்தாள். வைத்துக் கொடுக்கிற துணி யாருக்கும் ரவிக்கைக்குப் பத்தாது. பத்தாததால் யாரும் தைப்பதில்லை. தைக்காததால் அடுத்தவளுக்குப் போகிறது. இத்தனை வருஷமாக ஊரில் எல்லாப் பெண்ணும் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கி, பீரோவில் வைத்து, சிரித்த முகத்தோடு தள்ளிவிட்டிருக்கிறாள். அது என்னைவிட அதிக ஊர் பார்த்திருந்தது.

இடது கையை நீட்டித் துணியை மட்டும் எடுத்தேன். இடது கையால். மதினி தாம்பாளத்தைப் பின்னுக்கு இழுத்தார்.

என் தாலிச் சங்கிலியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். ஒவ்வொன்றாகப் பல்லால் திறந்தேன். துணியை மடித்து நைட்டியின் வலது பக்கத்தில் வைத்து, மூன்று புறமும் குத்தினேன். ரவிக்கைக்குப் பத்தாத துணி பாக்கெட்டுக்குத் தாராளமாக இருந்தது. சாவியை உள்ளே போட்டேன். தொடையில் சில்லென்று பட்டது.

“வச்சுக் குடுத்தத யாராச்சும் உபயோகிப்பாங்களாடி?” என்றார் மதினி.

சின்ன மாமனார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அது என் டம்ளர். என் பெயர் வெட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் என் ஸ்விட்ச் போர்டு, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில். அது என் கூடம், திருப்பாலை வீட்டுக் கூடம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று என் காப்பிப் பொடியைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சாவி இல்லாமல் எப்படி உள்ளே வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் உட்காருவதற்குச் சாவி தேவையில்லை. எழுப்புவதற்குத்தான் தேவை.

“எந்திரிங்க. வீட்டப் பூட்டணும்” என்றேன்.

அதற்கு மறுப்பு கிடையாது. வீட்டைப் பூட்டணும் என்றால் யாராக இருந்தாலும் எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தார்கள். வரிசையாக வெளியே போய்ப் பலகைகளுக்குக் கீழே நின்றார்கள். நான் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். சாவியைப் பாக்கெட்டில் போட்டேன்.

“யாருக்குப் பாக்குறீங்க?” என்று ஹெல்கா மதினியிடம் கேட்டாள். தாம்பாளத்தோடு நின்ற மதினி அண்ணாந்து, பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அவருக்கென்றும் பலகை இல்லை.

நைட்டிக்குப் பணம் கட்டிவிட்டு நான் இறங்கினேன். இறங்கும்போது படிக்கட்டு குட்டையாக இருந்தது. வாசலில் காவலாளி நின்றான். அவனுக்குப் பின்னால் மடிப்பவர்கள் இருவர், இஸ்திரி போட்ட சட்டையோடு, மடிக்கிற பலகையை நீட்டிக் காத்திருந்தார்கள்.

“கைய விரிங்கம்மா.”

இடது கையை விரித்தேன். வலது கை விரியவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பார்த்தேன். நிமிரவில்லை. பூட்டிவிட்டு வந்ததும் பழையபடி மூடிக்கொண்ட கை, சாவி இல்லாமலும் மூடியே இருந்தது.

“உள்ள என்ன?”

“ஒண்ணுமில்ல.”

அவன் முஷ்டியைத் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். காலிதான் என்று மடிப்பவர்களிடம் சொன்னான். வெறுங்கை என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, விரித்த கை என்று இல்லை என்று மூவரும் பேசி முடிவெடுத்தார்கள்.

“அப்ப வீசிட்டுப் போங்கம்மா” என்றான் காவலாளி.

வீசினேன். மடிப்பவர்கள் பலகையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.