மூளைப்பவளமும் கைதட்டிகளும்

சண்டிலிப்பாயில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு வீட்டு ஹோலுக்குள் கடல் இருந்தது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், முன்பக்கம் கண்ணாடி. மானிப்பாயில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்த ஞானாம்பிகை இரண்டு வருடமாக அதைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். மாதகல் மீனவர் பேதுரு வாரத்துக்கு இரண்டு தடவை சைக்கிள் கரியரில் கான்களைக் கட்டிக் கடல்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். காற்றுப் பம்பு ஓயாமல் குமிழி விடும். அவளுடைய கணவர் முருகேசு புகையிலையும் வெங்காயமும் செய்கிற மனிதர். “மீன் வளர்க்கிறதெண்டால் சரி. கல்லு வளர்க்கிற பொம்பிளையை நான் இஞ்சைதான் கண்டனான்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் கல் என்றது மூளைப்பவளத்தை. உரித்த தேங்காய் அளவு, மடிப்பு மடிப்பாக, பச்சையும் மண்ணிறமுமாக இருக்கும். பகலில் பார்த்தால் முருகேசு சொல்வது சரி, கல்லேதான். பொழுது மங்கினால்தான் கூத்து. மடிப்புகளுக்குள்ளிருந்து கண்ணாடி நூல்கள் நூற்றுக்கணக்கில் எழும்பி இரை தேடும்.

முன்பெல்லாம் ஞானாம்பிகை உயர்தர வகுப்புப் பிள்ளைகளைப் பேதுருவின் வள்ளத்தில் ஏற்றிப் பவளப்பாறையைக் காட்டுவாள். இப்போது 1985. சண்டையால் கடலில் இறங்கத் தடை. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. இந்த வருடம் சோதனை எழுதும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் உயிருள்ள பவளம் என்று காட்ட அவளிடம் இருந்தது இந்த ஒன்றுதான். அது செத்தால் இன்னொன்று எடுக்க வழியில்லை.

வினை, பேதுரு தடைக்கு முன் கடைசியாகக் கொண்டுவந்த கல்லில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளிறிய ரோஸ் நிறத் தண்டு, நுனியில் சின்னச் சின்னக் கைகள், அவை விரிவதும் மூடுவதுமாக ஒரு நிமிடம் ஓயாது. எலும்பில்லாத மென்பவளம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதற்குக் கைதட்டி என்று பெயர் வைத்தார்கள். “உதாவது ஏதோ வேலை செய்யுது” என்று முருகேசுகூட மெச்சினார். ஆறு மாதத்தில் கைதட்டி தொட்டியின் பாதியைப் பிடித்துக்கொண்டு மூளைப்பவளத்தின் காலடிக்கு வந்துவிட்டது.

“இது மேலை ஏறி மூடிச்செண்டால் பவளத்துக்கு வெளிச்சம் படாது, செத்துப்போகும்” என்று ஞானாம்பிகை ஒருநாள் சாப்பிடும்போது புலம்பினாள். அதை முருகேசு காதில் வாங்கிக்கொண்டார். அதுதான் பிழையாய்ப் போனது.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் அவர் புல்லை வேரோடு செருக்கி எடுக்கும் உழவாரத்தை எடுத்துக் கழுவினார். கழுவினாரே, அதுவரைக்கும் நல்ல மனிதர். பிறகு தொட்டிக்குள் விட்டுச் செருக்கத் தொடங்கினார். முப்பது வருடத் தோட்டக்காரன் கை, ஒரு தண்டு தப்பவில்லை. செருக்கியதை வெளியே எடுத்து வீசியிருந்தாலும் பாதிப் பாவம் போயிருக்கும். ஆனால் வலிகாமத்துத் தோட்டக்காரன் பச்சையாக எதைக் கண்டாலும் வீச மனம் வராதவன். பூவரசம் குழையைப் புகையிலைக்கு உரமாகப் புதைப்பதுபோல, அத்தனை துண்டையும் தொட்டி மணலுக்குள் அமுக்கிப் புதைத்துவிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு மனைவியின் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

பின்னேரம் ஞானாம்பிகை வரும்போது தண்ணீர் கஞ்சி நிறத்தில் இருந்தது.

“என்ன செய்தனீங்கள்?”

“புல்லுச் செருக்கினனான். குழையை அப்பிடியே தாட்டு விட்டிருக்கிறன். நல்ல பசளை.”

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். “அது புல்லில்லையப்பா. உதின்ரை ஒரு கிள்ளுத் துண்டு போதும், இன்னொண்டு முளைக்கும்.”

“வாழைக்குட்டி வாறமாதிரியோ?”

“வாழையை வெட்டித் தூளாக்கினால் தூளெல்லாம் முளைக்குமோ? இது முளைக்கும்.”

மூன்று நாள் அந்த வீட்டில் பம்பு மட்டும்தான் கதைத்தது. அவள் குழாய் வைத்து அழுகியதை உறிஞ்சி எடுக்க, பேதுரு நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் சுமந்தார். மூளைப்பவளம் தப்பியது. ஆனால் இரண்டு கிழமையில் தொட்டியெங்கும் குட்டிக் கைகள். அறுபத்துமூன்று வரை எண்ணிவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். கல்லில், பம்புக் குழாயில், கண்ணாடியில், எங்கும் கைதட்டல். ஒரு சங்கின் முதுகில்கூட ஒன்று ஏறி ஊர்வலம் போனது. மூளைப்பவளத்தின் விளிம்பில் ஐந்து. அவற்றின் கீழே மடிப்பு வெளிறத் தொடங்கியிருந்தது. சோதனைப் பிள்ளைகள் பவளம் பார்க்க வருவதாகச் சொன்ன சனிக்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

ஞானாம்பிகை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கழற்றக்கூடிய கல்லையெல்லாம் வெளியே எடுத்து, கடல்தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் வைத்து, கைதட்டியை அடித்தோலோடு உரித்தாள். உரித்த கல்லை இன்னொரு தண்ணீரில் அலசித்தான் திரும்ப வைத்தாள். தொட்டிக்குள் ஒரு வெட்டும் கூடாது என்பது சட்டம். முருகேசு கேளாமலே வந்து பக்கத்தில் குந்தியிருந்து உரித்தார். ஆனால் மூளைப்பவளம் அடிப்பாறையோடு ஒட்டி வளர்ந்துவிட்டதால் அதைக் கழற்ற முடியாது. அந்த ஐந்தையும் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“உந்தா, மேலையும் ஒண்டு” என்று முருகேசு வெற்றிலை மென்றபடி தண்ணீருக்குள் விரலை விட்டு, குழாயில் நின்ற ஒன்றைத் தொட்டுக் காட்டினார். விரலில் சுண்ணாம்பு. அவள் ஏசினாள். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

மறுநாள் காலை அவள் போட்ட சத்தத்தில் முருகேசு பல்துலக்குகிற வாயோடு ஓடிவந்தார். குழாயில் நின்ற அந்த ஒன்று மட்டும் சளியாகக் கரைந்து கிடந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி இருந்தவை ஆனந்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தன.

“சுண்ணாம்பு,” என்றாள். “உங்கடை சுண்ணாம்பு அதைச் சுட்டுப்போட்டுது. எங்கை, டப்பியைத் தாங்கோ.”

“அப்ப முழுக்கப் பூசிவிடுவம்.”

“ஐயோ, நீங்கள் பேசாமல் இருங்கோ. கூடினால் தண்ணி காரமாகி எல்லாமே செத்துப்போகும். ஒரு நாளைக்கு ஒண்டு.”

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கிடந்த ஊசியில்லாத சிறிஞ்சியில் சுண்ணாம்பை அடைத்தாள். பம்பை நிறுத்தினார்கள். தண்ணீர் அசையாமல் நின்றது. அவள் முழங்கைவரை உள்ளே விட்டு, கைதட்டியின் காலில் ஓர் அரிசி அளவு வைத்தாள். முருகேசு மூச்சை அடக்கி ரோச் வெளிச்சம் பிடித்தார். பவள விளிம்பில் நின்ற ஐந்துக்கும் இப்படியே தினமும் ஒன்று. கரைந்ததை மறுநாள் உறிஞ்சி எடுத்தார்கள். இத்தனை சந்தோஷமான வேலையை அவர்கள் சேர்ந்து செய்து கனகாலம்.

ஐந்தாவதில் சிறிஞ்சி வழுக்கிவிட்டது. ஒரு பொட்டுச் சுண்ணாம்பு நேரே மூளைப்பவளத்தின் மடிப்புக்குள் விழுந்தது. அவள் அலறுவதற்குள் முருகேசு உறிஞ்சுகுழாயின் ஒரு நுனியை அதன்மேல் வைத்து, மறுநுனியை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டார். கடலும் சுண்ணாம்பும் வாய்க்குள். முற்றத்துக்கு ஓடித் துப்பினார், வாய் கொப்பளித்தார், திரும்ப வந்து “போட்டுதோ?” என்று கேட்டார்.

சுண்ணாம்பு போய்விட்டது. ஆனால் அன்று மாலை பவளம் விரியவில்லை. அடுத்த நாளும் இல்லை. வியாழன், வெள்ளி, ஒரு நூல்கூட எழும்பவில்லை. விழுந்த இடத்தில் நகம் அளவு வெள்ளை. தன் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று ஞானாம்பிகை குசினி அடுப்புக்கு முன்னால் நின்று அழுதாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பன்னிரண்டு சைக்கிள்கள் படலைக்குள் நுழைந்தன. ஐந்தரைக்கு அவர்கள் திரும்பவேண்டும். அந்த நாட்களில் இருட்டுப்படப் பெண்பிள்ளையை வீதியில் விட எந்தத் தாய்க்கும் துணிவில்லை. பவளம் உயிரோடு இருந்தாலும் ஆறரைக்கு முன் விரியாது. ஞானாம்பிகை படம் கீறி விளக்கத் தொடங்கினாள்.

நாலு மணிக்கு முருகேசு தோட்டத்திலிருந்து ஒரு கட்டு வெங்காயச் சாக்கோடு வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. யன்னலுக்கு இரண்டு, கதவுக்கு மூன்று, கூரைக் கண்ணாடிக்கு ஏணி வைத்து ஒன்று என்று ஆணி அடித்தார். ஹோலுக்குள் பொழுது பட்டுவிட்டது. ஞானாம்பிகைக்கு விளங்கியது. ஓடிப்போய் இறாலைக் கசக்கி, அந்தச் சாற்றை மெல்லத் தொட்டிக்குள் விட்டாள்.

ஹோல் முழுக்க வெங்காய மணம். பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றாள்.

“ரீச்சர், ஓரத்திலை ஏதோ வருது” என்றாள் ஒரு பிள்ளை.

வந்தது. விளிம்பில் ஒரு நூல், பக்கத்தில் இரண்டு, பிறகு மடிப்பு மடிப்பாக அத்தனையும். அந்த வெள்ளைப் பொட்டைச் சுற்றி வளையமாக நின்று இறால் சாற்றுக்குக் கை நீட்டின. பன்னிரண்டு பிள்ளைகளும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார்கள். ஞானாம்பிகையின் கன்னத்தால் கண்ணீர் ஓடியது, அவள் துடைக்கவுமில்லை.

முருகேசு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். கையில் இன்னும் சுத்தியல் இருந்தது. கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் சொல்லாத ஒன்றைத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“இஞ்சேர், நான் அண்டைக்குச் செய்தது பிழைதான்.”

“உஸ்,” என்றாள் ஞானாம்பிகை, திரும்பாமலே. “சத்தம் போடாதையுங்கோ. மூடிப்போடும்.” சற்று விலகி, தன் பக்கத்தில் அவருக்கும் ஒரு முகம் அளவு இடம் விட்டாள்.