பத்தாவது வாக்கியம்

ஆறு வருஷமாக அந்த ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு வருகிறாள் பெரியவள். மேலே வரவேற்பு மேசைக்கு ஓர் ஆள் வேண்டும், ஆங்கிலத் தேர்வில் முதலில் வருகிறவருக்கே அந்த வேலை என்று மேலாளர் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தேர்வுக்காக ஓட்டலில் நடந்த ஆங்கில வகுப்புக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டுமே என்று கொழுந்தன் பெண்டாட்டியான சின்னவளையும் கூட்டிப்போனாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அங்கேதான். சின்னவள் வேலைக்கு வந்தே நாலு மாதம்தான். விரிப்பை மூலை பிடித்து மடிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவள். வகுப்பிலோ வாத்தியார் கேட்டு முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுகிறாள்.

ஊழியர் சாப்பாட்டு அறையில் தேர்வு நடந்தது. பக்கத்தில் இருப்பவரோடு தன்னை ஒப்பிட்டுப் பத்து வாக்கியம் எழுத வேண்டும். உயரம், வயது, வேகம், எதுவானாலும் சரி. எழுதியதும் நோட்டை மாற்றிக்கொண்டு ஒருவர் மற்றவருடையதைத் திருத்த வேண்டும். வாத்தியாருக்குத் தன் கண்ணை அதிகம் செலவழிக்கப் பிடிக்காது. தப்பென்று கோடு போட்டால், சரியானதைக் கீழே திருத்துகிறவரே எழுத வேண்டும் என்பது மட்டும் அவர் சட்டம்.

பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தன் நோட்டில் சின்னவளின் சிவப்புப் பேனா ஒரே ஓர் இடத்தில் நின்று கோடு கிழித்தது.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா. மத்ததெல்லாம் சரி."

அந்த ஆறுதலில்தான் பெரியவளுக்கு வயிறு எரிந்தது. சின்னவள் நோட்டில் எட்டு வாக்கியம் வரை ஒரு குறையும் சிக்கவில்லை. ஒன்பதாவதும் சரியாகவே இருக்க, பொறுமை போய்க் கோடு போட்டாள். ஆளுக்கு ஒன்பது என்று சமமாகிவிட்டால், வகுப்பில் முந்திப் பதில் சொல்கிற சின்னவளைத்தான் வாத்தியார் மேலே அனுப்புவார். பத்தாவதைப் படிக்காமலே அதிலும் போட்டாள்.

"ரெண்டு தப்பாக்கா?" சின்னவள் முகம் ஒரு கணம் வாடித் தெளிந்தது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். சரியானத கீழ எழுதிக் குடுங்க, பாத்துப் படிச்சுக்கறேன்."

எழுதுவதற்காகத்தான் பெரியவள் அப்போது படித்தாள். மை சிஸ்டர் இஸ் கைண்டர் தேன் மீ. என் அக்காவுக்கு என்னைவிட இளகின மனசு. அதில் திருத்த ஒன்றுமில்லை.

"நோட்டைக் குடுங்கம்மா," என்றபடி வாத்தியார் இரண்டு மேசை தள்ளி வந்துகொண்டிருந்தார்.

பெரியவள் பேனாவைக் காகிதத்தில் ஊன்றியபடி இருந்தாள். அதன் முனையில் சிவப்புப் புள்ளி ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.