பாதி வேகத்தில் இரண்டு அடி

மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஓர் இசைக்குழுவின் ஒத்திகைக் கூடத்தில் காலியான ஒரே இடத்துக்கு மூன்று டிரம்மர்கள் தேர்வுக்கு வந்திருந்தார்கள்.

மூன்றாவது ஆள் ஒரு பெண், பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். வயது இருபத்தொன்பது. குழுவின் பழைய டிரம்மர் விலகிவிட்டார். இன்று தேர்வாகிறவர் புதன்கிழமை குழுவோடு நாற்பது நாள் பயணம் கிளம்ப வேண்டும். விடுப்புக் கடிதத்தைக்கூட எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள்.

தேர்வுக்குக் கொடுத்தது குழுவின் சொந்தப் பாட்டு. அதில் பன்னிரண்டு நொடிக்கு டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும் இடம், காதுக்குப் பிடிபடாத வேகம். அவள் பாட்டைக் கணினியில் போட்டு, பாதி வேகத்துக்குக் குறைத்து, ஏழு வாரம் அடி அடியாகக் கேட்டுப் படித்தாள். ஒவ்வொரு சுற்றும் இடக்கையின் இரட்டை அடியில் முடிந்தது: டடக். முழு வேகத்தில் அதை அடித்தால் மணிக்கட்டு எரிந்தது. ஐந்தாவது வாரத்தில்தான் கை படிந்தது.

முதல் ஆள் உள்ளே போய்விட்டார். அவளுக்குத் துணையாக வந்த அண்ணன் ஹெட்போனில் அந்தப் பாட்டைக் கேட்டபடி பெஞ்சில் இருந்தான். திடீரென்று அதைக் கழற்றினான்.

“ஏய், இது ஒரே அடிதாண்டி.”

“சும்மா இருண்ணா. உள்ள போற நேரத்துல குழப்பாத.”

“முழு வேகத்துல கேளு. டக். அவ்வளவுதான்.”

“பாதியில போட்டுக் கேளு. ரெண்டு வரும்.”

“பாதியில மட்டும் வருது. அதான் இடிக்குது.”

அவன் போனில் பதிவை அழுத்தி, விரல் முட்டியால் பெஞ்சில் ஒரே ஒரு தட்டுத் தட்டினான். அவளுடைய மடிக்கணினியில் ஏற்றி, பாதியாகக் குறைத்து, ஹெட்போனை அவள் காதில் வைத்தான்.

டடக்.

“இன்னொரு தடவ தட்டு.”

தட்டினான். மறுபடியும் டடக். ஒலியை இழுத்து நீட்டும்போது, சட்டென்று விழும் ஒற்றை அடியை மென்பொருள் இரண்டாக்கிக் கொண்டிருந்தது.

“ஏழு வாரமா வீட்டுல ஒருத்தரையும் தூங்க விடலையே, இல்லாத அடிக்கா?” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே முதல் ஆள் அந்த இடத்துக்கு வந்திருந்தார். கதவைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது: டடக்.

“அவரும் ரெண்டுதான் அடிக்கிறாரு.”

“அவரும் உன்ன மாதிரி மெதுவா ஓடவிட்டுப் படிச்சிருப்பாரு. பேசாம படிச்சதயே அடிச்சுட்டு வா. இருபது நிமிஷத்துல கைய மாத்த நீ என்ன மிஷினா?”

“தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிண்ணா அடிக்கிறது?”

முழங்காலில் அடித்துப் பார்த்தாள். ஒன்று. ஒன்று. ஒன்று. நான்காவது முறை இடக்கை தானாக இன்னொன்று போட்டது. இரண்டாவது ஆள் முடித்து வெளியே வரும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள். நான்கில் ஒன்று தவறிக்கொண்டே இருந்தது.

கூப்பிட்டார்கள்.

குழுத் தலைவர் பேஸ் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். “ஆரம்பிக்கலாமாம்மா?” என்று கேட்டு, நான்கு எண்ணினார்.

பாட்டு ஓடியது. தனி டிரம்ஸ் வந்தது. முதல் சுற்று, ஒற்றை அடி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் இடக்கை மறுபடி எழுந்தது. அதை இழுத்துப் பிடித்தாள். கூடவே வலக்கையும் நின்றுவிட்டது. கூடத்தில் ஒரு முழுத் தாள அடி அளவுக்குச் சத்தமே இல்லை. தலைவரின் கால் மட்டும் தரையில் தாளம் போட்டது. நான்காவது சுற்றில் அதைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை ஒற்றை அடியாகவே முடித்தாள்.

“நடுவுல என்னம்மா ஆச்சு?”

“ரெண்டு அடின்னு தப்பா படிச்சுட்டேன் சார். இப்ப வெளிய உக்காந்திருக்கும்போதுதான் தெரிஞ்சுது.”

“இன்னிக்கு ஒத்த அடி அடிச்சது நீ மட்டுந்தான்,” என்றார் அவர். “ஆனா நின்னுட்டியே. தப்பா அடிச்சாக்கூட நாங்க சமாளிச்சிருவோம். நீ நின்னா எங்க நாலு பேருக்கும் தரையே இல்லாமப் போயிரும்.”

“இன்னொரு தடவ அடிக்கட்டுமா சார்?”

“மூணு பேருக்கும் ஒரு தடவதாம்மா.”

ஐந்து மணிக்கு முடிவைச் சொன்னார்கள். முதலில் வாசித்தவரை எடுத்துக்கொண்டார்கள்.