கொக்குப்பள்ளமும் என் கானும்

கான், அதாவது மழைத் தண்ணீர் ஓடுகிற கால்வாய், வெட்டுவதில் எங்கள் டிவிசனில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கரப்பத்தனைப் பக்கம் உள்ள இந்தத் தோட்டத்தில், முப்பது வருஷமாக மழைத் தண்ணீர் தேயிலை வேரை அரிக்காமல் ஒழுங்காக இறங்கி ஓடுகிறது என்றால், அது கந்தப்பன் கங்காணி போட்ட வாட்டம். என் கானில் விழுந்த தண்ணீர் ஓர் இடத்தில் நிற்காது, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். அந்தத் திமிர்தான் என்னைச் சந்தியில் நிறுத்தியது.

நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்துக்கு மேலே ஒரு சதுப்பு இருக்கிறது. கோரையும் சம்பும் ஆளுயரத்துக்கு நிற்கும். கொக்கு வந்து இறங்குவதால் கொக்குப்பள்ளம் என்று பெயர். அதற்கும் மேலே ஒரு மரக்கறித் தோட்டம். அங்கே கரட் கழுவுகிற சேற்றுத் தண்ணீர் ஒரு வாய்க்காலில் வந்து பள்ளத்துக்குள் இறங்கும். பள்ளத்தின் கீழ்க்கரையில் வழிகிற தண்ணீர் ஓர் ஓடையாகி, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக் குழாய் வழியாக விழும். நாற்பது குடும்பம் அந்தப் பீலியில்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம், சண்டை போடுகிறோம்.

தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அந்தப் பள்ளத்தின் மேல் கண். பழைய பங்களாவை டூரிஸ்ட்காரர்களுக்கு விடப்போகிறார்கள், வேன் நிறுத்த இடம் வேண்டும், பள்ளத்தை மண் போட்டு மூடினால் இருபது வேன் நிற்கும் என்று கணக்கு. மண் அள்ளுகிற பெக்கோ மெஷின்கூட வந்து ஓரமாக நின்றுவிட்டது. ஆனால் மூடுவதற்கு முன்னால் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை வாங்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு சுலக்ஷனா என்று ஒரு மிஸ் வருகிறார் என்று தகவல் வந்தது. பள்ளம் ஏதோ வேலை செய்கிறது என்று அவர் எழுதினால் பள்ளம் தப்பும், ஒன்றுக்கும் உதவாது என்று எழுதினால் பீலி போச்சு.

இப்போது என் மூளை வேலை செய்த அழகைக் கேளுங்கள். தோட்டத்தைப் பார்வையிடப் பெரிய ஆட்கள் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? புல் வெட்டுவோம், கல்லுக்கு வெள்ளை அடிப்போம், குப்பையைக் கண்ணில் படாமல் ஒதுக்குவோம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படித்தான். பள்ளத்தைப் பார்க்க ஆள் வருகிறது என்றால் பள்ளம் சுத்தமாக இருக்க வேண்டாமா? சேறு வந்து இறங்குகிற இடத்தைப் பார்த்தால் அந்த மிஸ் முகம் சுளிக்க மாட்டாரா?

திங்கட்கிழமை விடிந்ததும் என்னோடு கான் வெட்டுகிற பையன்கள் வினோஜனையும் துஷாந்தையும் கூட்டிக்கொண்டு மம்பட்டியோடு ஏறினேன். பள்ளத்தின் ஓரமாக நூறடிக்கு ஒரு குறுக்குக் கான் வெட்டினோம். வாய்க்காலின் வாயை மண்ணால் அடைத்துத் திருப்பிவிட்டோம். இனி கரட் தண்ணீர் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்காது, ஓரமாகவே ஓடிக் கீழே ஓடையில் கலந்துவிடும். எந்த ஓடை என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. மிச்சமிருந்த சுண்ணாம்பைப் பள்ளத்தைச் சுற்றியிருந்த கல்லுக்கெல்லாம் அடித்தோம். பள்ளம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

ஒன்பது மணிக்குத் துரையின் ஜீப்பில் மிஸ் வந்து இறங்கினார். கந்தப்பளை ஊர்ப் பிள்ளையாம், நம்ம பேச்சுத்தான். கையில் இடுப்புயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதன் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. குழாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மேலேயிருந்து பார்ப்பார். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியும் புள்ளி தெரிகிறதோ, அவ்வளவு தெளிவு. மேலே பள்ளத்துக்குள் இறங்குகிற தண்ணீரைப் பார்த்தார். ஊற்றுத் தண்ணீர் மட்டும் நூலாக வந்துகொண்டிருந்தது. புள்ளி தெரிந்தது. கீழே வழிகிற தண்ணீரைப் பார்த்தார். அதிலும் தெரிந்தது. வெள்ளை அடித்த கற்களையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏண்ணே, இந்தப் பள்ளத்துக்குள்ள அழுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

"அழுக்கா? ஒரு சொட்டு வராதுங்க மிஸ்," என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அப்ப இதுக்கு வேலையே இல்லையே. சுத்தமா வருது, சுத்தமா போகுது. இதுல நான் என்னத்த எழுதுறது?"

எனக்கு விளங்கவில்லை. துரைக்கு விளங்கிவிட்டது. அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டே பெக்கோ டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் பீடியை அணைத்தார்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி லெட்சுமி கீழேயிருந்து வாளியோடு ஏறி வந்தாள். வாளி நிறையப் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். "பீலியைப் பாருங்க வந்து. சேறா ஊத்துது. சோத்துக்கு ஒல வைக்க முடியல. எவன் செஞ்ச வேல இது?" என்று துரை, மிஸ் என்று பார்க்காமல் ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

"பாத்தீங்களா மிஸ்? இந்தப் பள்ளத்துத் தண்ணிதான் ஆளுங்க குடிக்கிறது. ஊத்தத் தண்ணி. இதை மூடிட்டா ஆளுங்களுக்கும் நல்லது," என்றார் துரை.

மிஸ் குழாயையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அந்தச் சேறு பள்ளத்துச் சேறு இல்லை. என் சேறு. நான் வெட்டிய கானில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி, நேராகப் பீலிக்கு மேலே ஓடையில் விழுந்த சேறு. இதைச் சொன்னால், உத்தரவில்லாமல் தோட்டத்து மண்ணை வெட்டியதற்குத் துரை என் கங்காணி வேலையைப் பிடுங்கலாம். சொல்லாவிட்டால் பீலி போகும். லெட்சுமி வாளியோடு நிற்கிறாள், அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், துரையைவிட அவளுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

"நான்தாங்க வெட்டுனேன்," என்றேன். "வாங்க, காட்டுறேன்."

கோரையை விலக்கிக் கானைக் காட்டினேன். மஞ்சள் சேறு அதில் பிய்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் வாட்டம் அழகாகத்தான் விழுந்திருக்கிறது என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியதை மறைக்க மாட்டேன். பள்ளத்தைச் சுத்தமாகக் காட்டத்தான் வெட்டினோம் என்று கல்லுக்கு வெள்ளை அடித்த கதைவரைக்கும் ஒப்பித்தேன்.

மிஸ் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் ஈர வெள்ளைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார், கவுனில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. "அண்ணே, அழுக்கு உள்ள போனாத்தானே பள்ளம் என்ன பண்ணுதுன்னு தெரியும்? நீங்க அத நிறுத்திப்புட்டீங்க. ஆனா பள்ளம் இல்லாட்டிப் பீலி எப்படி இருக்கும்னு காட்டிட்டீங்க. இந்தப் பரிசோதனையச் செய்ய எனக்கு எந்தத் துரையும் அனுமதி தந்திருக்க மாட்டாரு."

உடனே எல்லோரையும் பீலிக்கு இழுத்துக்கொண்டு இறங்கினார். குழாயில் சேற்றுத் தண்ணீரை ஊற்றினார். நாலு விரல் உயரம் ஏறியதும் புள்ளி மறைந்துவிட்டது. எழுதிக்கொண்டார். போத்தலில் அடைத்துக்கொண்டார். "இப்ப போயி அந்த அடைப்ப ஒடைங்க," என்றார்.

நான் ஓடிய ஓட்டத்தில் வயது ஐம்பத்திரண்டு என்பது மறந்துபோனது. அடைப்பை வெட்டி அந்த மண்ணாலேயே என் கானின் வாயை அடைத்தேன். மஞ்சள் தண்ணீர் பழைய வழியில் திரும்பிக் கோரைக்குள் நுழைந்தது. நுழைந்ததும் அதன் ஆட்டம் அடங்கிவிட்டது. தண்டுக்குத் தண்டு முட்டி, வழி கேட்டுக் கேட்டுப் போகிற மாதிரி மெதுவாகப் போனது.

"ஓடுற தண்ணி மண்ணத் தூக்கிக்கிட்டு ஓடும். இங்க வந்தா அதால ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். நடந்தா மண்ணக் கீழ வச்சிரும். தோட்டத்து உரத்தையும் கோரை வேரு பிடிச்சு வச்சிக்கும்," என்றார் மிஸ்.

முப்பது வருஷமாகத் தண்ணீரை ஓட வைக்கிறேன். நடக்க வைப்பதும் ஒரு வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பீலியைச் சுற்றி லயமே கூடிவிட்டது. கொழுந்து பறிக்கப் போனவர்கள் கூடையோடு வந்து நின்றார்கள். தெளியும், தெளியாது என்று இரண்டு கட்சி. துரையின் காலில் அட்டை ஏறியது, அவர் குனிந்து பிடுங்கவும் இல்லை, பீலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணியில் பால் தேத்தண்ணி சாயத் தேத்தண்ணியாக மாறியது. பிறகு வெளிறியது. மதியச் சங்கு ஊதியபோது பீலி பழைய பீலியாக விழுந்தது. மேலே போய்ப் பார்த்தோம், கரட் சேறு பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. எனக்கு அப்படியே கையைத் தட்டி ஆட வேண்டும் போலிருந்தது. வினோஜன் ஆடியே விட்டான்.

மிஸ் குழாயை விளிம்புவரை நிரப்பித் துரையின் கையில் கொடுத்தார். துரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"புள்ளி தெரியுதுங்களா தொரை?" என்று லெட்சுமி கேட்டாள்.

"தெரியுது," என்றார் துரை. என் பக்கம் திரும்பாமலே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

போத்தல்களின் முடிவு வர இரண்டு வாரமாகும் என்று சொல்லிவிட்டு மிஸ்ஸும் போனார். அந்த இரண்டு வாரமும் பெக்கோ அங்கேயே நின்றது. என் கான் பள்ளத்தின் ஓரத்தில் காய்ந்துபோய்க் கிடந்தது. தினமும் விடிந்ததும் ஏறிப் போய், பெக்கோ நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். லெட்சுமி ஒவ்வொரு தடவை தேத்தண்ணி தரும்போதும், "சுத்தமா இருக்கா பாருங்க, இல்லாட்டி ஒரு கான் வெட்டுங்க," என்பாள்.

பதினைந்தாம் நாள் காலைப் பெரட்டில் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார்கள். என் பெயர் மட்டும் வரவில்லை. போச்சு, கங்காணி வேலை போச்சு என்று நின்றேன். கடைசியில் துரை, மிஸ் அனுப்பிய கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"கந்தப்பன், கொக்குப்பள்ளத்துக்குப் போ. இன்னைக்கி ஒனக்கு மூடுற வேல."

"எத மூடுறதுங்க தொரை?"

"ஒன்னோட கானைத்தான். வேற எத மூடுறது?"

ரோட்டில் பெக்கோ குலுங்கிக் குலுங்கித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நான் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே ஏறினேன். முப்பது வருஷத்தில் நான் வெட்டியதிலேயே நேரான கான் அதுதான். கூடை கூடையாக மண்ணைக் கொட்டி, மிதித்து மிதித்து, அதன் மேலே ஏறிக் குதித்தேன்.