மூன்றாம் கூட்டம்

ஐந்தாவது வாரமும் எனக்குப் பொரிகடலைதான் கிடைத்தது.

பொட்டலத்தை என் கையில் வைத்து, "அவ்ளோதாங்க பெரியவரே, அடுத்த வெள்ளிக்கெழம வாங்க" என்று சொல்லிவிட்டு, சுந்தரமூர்த்தி கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போனான். அங்கே என்னோடு வேலை செய்யும் நயீம் அகமதுவும் இன்னும் ஏழு பேரும் காத்திருந்தார்கள். சுந்தரமூர்த்தி இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னதும் எட்டுப் பேரும் எழுந்தார்கள். இன்னொன்று சொன்னதும் ஒருவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். மற்றொன்றுக்கு மூடினான். மற்றவர்கள் அந்த வார்த்தையைத் திருப்பிக் கத்தினார்கள். தோல் காயப்போடும் கொட்டகை அது. மேலே வரிசையாக ஆட்டுத்தோல் தொங்குகிறது, கீழே இந்தக் கூத்து. நான் பொரியைத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார்கள் என்றுதான் பேர் கொடுத்தேன். சுந்தரமூர்த்தி காவேரிப்பாக்கத்துக்காரன். மதராஸில் வாத்தியார் படிப்பு. படிப்பு முடிய ஓர் ஆராய்ச்சி எழுத வேண்டுமாம். எழுத்து தெரியாத ஆட்கள் காதால் கேட்டே இங்கிலீஷ் பேச முடியுமா, எப்படிச் சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் ஏறும் என்று பார்க்க ஆம்பூருக்கு வந்திருந்தான். எங்கள் தோல் ஷாப்பு முதலாளி அப்துல் ஹமீத் சாயபு, சாயங்காலம் வேலை முடிந்ததும் கொட்டகையை விட்டுக்கொடுத்தார். இருபத்துநாலு பேர் சேர்ந்தோம். துணிப்பையில் புளியங்கொட்டை போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னான். கறுப்பு எடுத்தவன் முதல் கூட்டம். வெள்ளையாகத் தேய்த்தது இரண்டாம் கூட்டம். பாதியாக உடைந்தது மூன்றாம் கூட்டம். எனக்கு உடைந்தது வந்தது. பைக்குள் விரலால் தடவிப் பார்த்து எடுத்திருக்கலாம். அன்றைக்கு அந்தப் புத்தி இல்லை.

முதல் கூட்டத்துக்கு ஆடிக்காட்டிப் பாடம். இரண்டாம் கூட்டத்துக்குத் தமிழில் அர்த்தம் சொல்லிப் பாடம். எங்களை உட்காரவைத்து ஊர்க்கதை கேட்பான். மழை எப்படி, முட்டி வலிக்கிறதா, சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று கால் வெடிக்கிறதா என்பான். நான்கு வாரம் எங்கள் முறை இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் அவன் கிளம்பும்போது வாசலில் மறித்தேன்.

"எங்களுக்கு எப்ப தம்பி பாடம்?"

"உங்க கூட்டத்துக்குப் பாடம் கெடையாதுங்க." அவன் என் முகத்தைப் பார்க்காமல் குடையின் காம்பைப் பார்த்தான். "மொத நாள் படம் காட்டிக் கேட்டேன் இல்ல, அதே மாதிரி கடைசியில ஒரு வாட்டி கேப்பேன். பாடமே இல்லாதவங்களுக்கு எவ்ளோ தெரியுதுன்னு பாத்தாதான், மத்தவங்க கத்துக்கிட்டது பாடத்தாலதான்னு சொல்ல முடியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்பவே சொல்றேன். எழுதிக்கினு என்னை அந்தக் கூட்டத்துல சேத்துடு."

"அப்டி மாத்த முடியாதுங்க."

"நாலே நாலு வார்த்த. தை மாசத்துக்குள்ள வேணும்."

"மாசி பத்தாந்தேதி பரீட்ச. அன்னிக்கே உக்காந்து நானூறு வார்த்த சொல்லித் தர்றேன். அதுக்கு முன்ன ஒண்ணு கூட முடியாதுங்க. உங்க ஒருத்தருக்குச் சொல்லிட்டா நான் எழுதறது அத்தனையும் பொய்யாயிடும்." குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எதுக்குன்னு சொல்லுங்களேன்" என்றான்.

சொல்லவில்லை. கண்டவனிடம் சொல்கிற விஷயமா அது.

பிளேக் வந்த வருஷம் என் பெண்சாதி வள்ளியம்மாள் செத்துப்போனாள். மகள் செண்பகத்துக்கு நாலு வயது. பார்த்துக்கொள்ள ஆளில்லை. கோலார் தங்கச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலூரில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தாயில்லாப் பிள்ளைகளை வைத்து வளர்த்தாள். அவளிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவள் பேச்சு எனக்கு விளங்கவில்லை, என் பேச்சு அவளுக்கு விளங்கவில்லை. நடுவில் ஒருவன் நின்றான். "மூணு மாசம் வெச்சிருங்க, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றேன். அவன் அதை இங்கிலீஷில் சொன்னான். நான் சொன்னதைவிட அது ரொம்பச் சின்னதாக இருந்தது. ஒரு காகிதத்தை நீட்டினான். கட்டைவிரலை அழுத்தினேன். செண்பகம் என் வேட்டி நுனியைப் பிடித்திருந்தாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வெளியே வந்தேன். திரும்பிப் போனபோது பங்களாக் கதவில் பூட்டு தொங்கியது. அம்மாள் என் பெண்ணோடு கப்பலேறிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. பெண்ணை முழுசாகக் கொடுத்துவிட்டேன் என்று காகிதத்தில் இருக்கிறது என்றார்கள்.

அன்றிலிருந்து என் பேச்சை இன்னொருவன் வாயில் கொடுப்பதில்லை.

இருபத்தேழு வருஷம் கழித்து, இந்த ஐப்பசியில், வேலூர் மிஷன் பங்களாவில் சமையல் செய்யும் சவுரியம்மாள், செண்பகம் பிறந்தபோதே எங்களைத் தெரிந்தவள், என்னைத் தேடி ஷாப்புக்கே வந்தாள். மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டி ஓரம் நின்றாள்.

"அண்ணே, தை மாசம் செண்பகம் வருது. எங்க பங்களாவுலதான் எறங்குது. பத்து நாளு. அப்பறம் கல்கத்தா போயி அப்டியே சீமைக்குப் போய்டுமாம்."

தொட்டியை விட்டு ஏறி வந்தேன்.

"தமிழ்ல தண்ணி குடுன்னு கேக்கக்கூட தெரியாதாம்ணே. இன்னொண்ணு. அப்பன் வாணாம்னு குடுத்துட்டுப் போய்ட்டான், அப்பறம் எட்டியே பாக்கலன்னு அதுக்குச் சொல்லி வளத்திருக்காங்க. எங்க பங்களா அம்மாதான் சொன்னாங்க."

"எட்டிப் பாத்தேனே" என்றேன். சவுரியம்மாளிடம் சொல்லி என்ன பிரயோஜனம்.

"வந்து சொல்லு. நம்ம சபையில இங்கிலீஷ் தெரிஞ்சவரு இருக்காரு, அவரு எடுத்துச் சொல்வாரு."

"வாணாம். நானே சொல்றேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன் வாயால? இங்கிலீஷ்ல?" சிரிக்கப் போனவள் சிரிக்காமல் போய்விட்டாள். அடுத்த வாரம்தான் சுந்தரமூர்த்தி புளியங்கொட்டையோடு வந்தான். தெய்வம் அனுப்பியது என்று நினைத்தேன். எனக்கு அப்படியெல்லாம் நினைக்கிற வழக்கமில்லை.

சுந்தரமூர்த்தி கைவிரித்ததும் நயீமைப் பிடித்தேன். பத்து வருஷமாக அவனும் நானும் ஒரே தொட்டி.

"பாய், உங்க கூட்டத்துல சொல்லித் தர்ற வார்த்தைய எனக்குச் சொல்லு."

"இன்னாத்துக்கு? கலெக்டர் வேல காலியா கீதா?"

"சொல்லுடா."

"முடியாது கன்னியப்பா. மத்த கூட்டத்துக்கு மூச்சு வுடக்கூடாதுன்னு வாத்தியார் வாக்கு வாங்கிக்கினாரு. நான் குடுத்துட்டேன்."

அவனிடம் மட்டும் சொன்னேன். செண்பகத்தையும் கதவையும் பூட்டையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் பீடி பிடித்தான். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காலை தொட்டியில் இறங்கினோம். நயீம் ஒரு தோலைப் பிடித்து இழுத்து, அதனிடம் "கம்" என்றான். அதைக் கரையில் வீசி, "கோ" என்றான். விரித்து "ஓப்பன்" என்றான். மடித்து "ஷட்" என்றான்.

நான் அவனைப் பார்த்தேன்.

"உனக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றான். "குடுத்த வாக்கு வாக்குதான். இந்தத் தோலுக்குச் சொல்றேன். உன் காது பக்கத்துல கீதுன்னா அதுக்கு நான் இன்னா பண்றது?"

இரண்டு மாதம் ஆட்டுத்தோல்கள் இங்கிலீஷ் படித்தன. சில நாள் நயீமுக்கு ஜாஸ்தி உற்சாகம் வந்து, "இந்த வெள்ளாடு மக்கு, நேத்து சொன்னது நெனப்பே இல்ல" என்று ஒரு தோலை என் பக்கம் திருப்பி நாலு சாத்து சாத்துவான். மொத்தம் ஐம்பது வார்த்தை. அதற்குமேல் முதல் கூட்டத்துக்கும் கிடையாது. கை, கால், தண்ணீர், கதவு, நாற்காலி, வா, போ. மகள் என்பதற்கு வார்த்தை இல்லை. காகிதத்துக்கு இருந்தது, ஏமாற்றினான் என்பதற்கு இல்லை. என் மனசில் இருபத்தேழு வருஷம் கிடந்த பேச்சை அந்த ஐம்பதுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் தேறியது இதுதான். ஐ கம். டோர் ஷட். ஐ கோ.

நான் வந்தேன், கதவு மூடியிருந்தது, போய்விட்டேன். நடந்ததும் அதுதான். ஆனால் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் என்று சொன்னவன் நான் பதினோரு மாதம் கழித்துப் போனேன். சுரங்கத்தில் கால் நசுங்கி நாலு மாதம் படுத்தது உண்மை. மிச்ச நாலு மாதத்துக்கு அந்த ஐம்பதில் வார்த்தை இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

தை எட்டாந்தேதி வேலூருக்குப் போனேன். சீயக்காய் போட்டு இரண்டு முறை குளித்தும் நகத்திலிருந்து தோல் வாடை போகவில்லை. சவுரியம்மாள் பங்களாத் தாழ்வாரத்தில் என்னை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். சபைக்காரர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"நீங்க சொல்லுங்க பெரியவரே, நான் அவங்களுக்குச் சொல்றேன்."

"நீ சும்மா இரு சாமி."

கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். கவுனும் பூட்ஸும். ஆனால் நெற்றி வள்ளியம்மாளுடைய நெற்றி. பெயர்கூட இப்போது வேறு. சவுரியம்மாள் சொல்லியிருந்தாள், என் வாய்க்கு அது வரவில்லை. செண்பகம் என்று கூப்பிடவும் தைரியமில்லை. கதவைக் கையால் காட்டினேன்.

"ஐ கம். டோர் ஷட். ஐ கோ."

அவ்வளவுதான். எச்சில் விழுங்குவதற்குள் முடிந்துவிட்டது. அவள் அசையவில்லை. விளங்கவில்லையோ என்று பயந்து, பூட்டைப் பிடித்து ஆட்டுவதுபோல் ஆட்டிக்காட்டி இன்னொரு முறை சொன்னேன். அப்போது அவள் முகத்தில் ஏதோ மாறியது. அருகில் வந்து என் கையை எடுத்துத் திருப்பி நகங்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஒன்று சொன்னாள். நீளமான பேச்சு. கேள்வி மாதிரியும் இருந்தது, கேள்வி இல்லாத மாதிரியும் இருந்தது. அதில் ஒரே ஒரு 'கம்' மட்டும் எனக்குத் தெரிந்தது. சபைக்காரர் வாயைத் திறந்தார். அவர் முகத்துக்கு நேரே கையைக் காட்டினேன். "வாணாம்" என்றேன். அவர் சொன்னால் அது அவருடைய பேச்சாகிவிடும்.

கும்பிட்டுவிட்டு நடந்தேன். வெளி கேட்டில் திரும்பிப் பார்த்தேன். காற்று கதவை அடிக்கப் பார்த்தது. அவள் ஒரு பூட்ஸ் காலை வைத்து அதைத் திறந்தபடியே தடுத்து நின்றிருந்தாள்.

அந்தப் பேச்சை நான் விடவில்லை. அர்த்தம் தெரியாமலே, அவள் எங்கே இழுத்தாள், எங்கே நிறுத்தினாள் என்று அப்படியே தொட்டியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நயீமுக்கும் அது விளங்கவில்லை.

மாசி பத்தாந்தேதி சுந்தரமூர்த்தி நோட்டோடு என் முன் உட்கார்ந்தான். ஐம்பது படங்கள், அட்டையில் ஒட்டியவை. கையைக் காட்டினான். தெரியாது என்றேன். தண்ணீரைக் காட்டினான். தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் சின்னதாக ஒரு சுழி போட்டான். பாவம், எலும்பும் தோலுமாக இளைத்துப்போயிருந்தான். எனக்குத் தெரிந்த ஆட்களில் உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடியவன் இவன் ஒருவன்தான். நாலு வார்த்தைக்காகக்கூடப் பொய் எழுத மாட்டேன் என்றவன். அவள் பேச்சு என் நாக்கு நுனியில் இருந்தது. நான் அதைச் சொன்னால் அவன் அர்த்தம் சொல்லுவான். சொன்னால் நயீமின் தோல் பாடமும் வெளியே வரும், அவன் நோட்டு அத்தனையும் பொய்யாகிவிடும் என்பதும் தெரிந்தது. அர்த்தம் என்னவாக இருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை.

அடுத்த அட்டையை எடுத்தான். கதவு. பாதி திறந்த கதவு.

"இது இன்னாங்க பெரியவரே, இங்கிலீஷ்ல?"

மேலே தோல்கள் ஒன்றோடொன்று உரசின. காற்று அட்டையை மடக்கப் பார்த்தது. அவன் கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக் காத்திருந்தான்.