தாகமென்று வந்தால்

அன்னபாக்கியம் அன்றைக்குச் சண்டை பிடிக்கப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெள்ளவத்தைச் சொந்தக்காரர் பிறகு வேறு மாதிரிக் கதை கட்டித் திரிந்தார்கள். அவள் கையெழுத்துப் போடத்தான் போனாள். நல்ல சேலை உடுத்து, மகள் யதுஷாவையும் கூட்டிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் பள்ளிச் சீருடை தைத்து விற்கிற கடை அது. தவணை தொடங்கப் போகிற நேரத்தில் அதைப் பூட்டுவதென்றால் எவ்வளவு நல்ல மனதோடு போயிருப்பாள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

விஷயம் ஒரு தோட்டம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் அந்த ஊர்க்காரர் என்னைச் சும்மா விடமாட்டார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அங்கே வைத்திலிங்கர் என்றொருவர் புகையிலை நட்டுக் காசுக்காரரானார். சாகக் கிடக்கையில் நொத்தாரிசைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டு மரணசாதனம் என்கிற உயிலை எழுதுவித்தார். செம்மண் தோட்டத்தை மூன்றாகக் கீறி மூன்று ஆண்பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நடுவில் இருந்த கிணறு மூவருக்கும் பொது, முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டும். நாலாவது பிள்ளை சின்னாச்சி. அவள், தகப்பன் படலையைத் தாண்டி வீட்டுக்குள் எடுக்காத சாதியில் ஒருவனை விரும்பி, அவனோடு கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருந்தாள். அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். அந்தச் சின்னாச்சியின் வழியில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது அன்னபாக்கியமும் யதுஷாவும்தான்.

சின்னாச்சிக்கு அந்த மனுஷன் எழுதிவைத்தது இவ்வளவுதான்: ‘என் மகள் சின்னாச்சி தன் இஷ்டப்படி கலியாணம் முடித்துப் போனபடியால் அவளுக்கு மேற்படி தோட்டத்தில் பங்கில்லை. அவளும் அவள் வழி வருவோரும் தாகமென்று வந்தால் மேற்படி கிணற்றுத் தண்ணீரை அவர்களுக்கு வார்த்துக் கொடுக்கக் கடவர்கள். கிணற்றுக் கட்டில் ஏற இடங்கொடாதிருக்கக் கடவர்கள்.’

இது ஒன்றும் பெட்டிக்குள் கிடந்த இரகசியமில்லை. அன்னபாக்கியத்தின் தகப்பன் அழகுமுத்து குடித்தால் இதை ஒப்புவிப்பார். குடிக்காவிட்டாலும் ஒப்புவிப்பார்.

விளங்குகிறதுதானே? தண்ணீர் தருவார்கள். கிணற்றைச் சுற்றி உயர்த்திய கட்டின் மேலே நின்று வார்ப்பார்கள், நீ கீழே நின்று கையேந்திக் குடிக்க வேண்டும். வாளியைத் தொடப்படாது, கயிற்றைத் தொடப்படாது. சாதி குறைந்தவர்கள் என்று அவர்கள் ஒதுக்கி வைத்த சனத்துக்கு அந்நாளில் அப்படித்தான் வார்த்தார்கள். கொட்டாஞ்சேனைக்குப் போனதோடு பெற்ற மகளும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

அன்னபாக்கியம் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தகப்பன் அவளை ரயிலேற்றி அங்கே கூட்டிப்போனார். உச்சி வெயில். அரும்பு மீசை முளைத்த ஒரு பொடியன் கிணற்றுக் கட்டின் மேல் நின்றான். தகப்பன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து கையேந்தினார். பொடியன் மேலிருந்து ஊற்றினான். கிணறு எப்படியிருக்கும் என்று எட்டிப் பார்க்க அன்னபாக்கியம் படியில் ஒரு காலை வைத்ததுதான் தாமதம், “ஏறாத,” என்று அவன் கத்தினான். தகப்பன் திடுக்கிட்டுத் திரும்ப, ஏந்திய தண்ணீரெல்லாம் அவளுடைய சட்டையில்தான் போனது. அந்த ஈரச் சட்டையோடுதான் அவள் திரும்பி வந்தாள். அதை அவள் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டாள்.

அந்தப் பொடியன்தான் தியாகராசா. வைத்திலிங்கரின் ஆண்பிள்ளை ஒருவரின் வழியில் வந்தவர், இப்போது ஓய்வுபெற்ற எக்கவுண்டன்ட். வெள்ளவத்தையில் கடல் தெரிகிற மாடியில் வீடு. மற்ற இரண்டு பங்குக்காரரும் கனடாவிலிருந்து, தங்கள் சார்பில் கையெழுத்து வைக்க அற்றோர்ணி எழுதிக் கொடுத்துவிட்டதால் முழுத் தோட்டத்தையும் விற்கும் பொறுப்பு அவரிடம் வந்திருந்தது. வாங்க வந்தது தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கிற ஒரு கொம்பனி. அவர்களுக்கு வேண்டியது செம்மண்ணல்ல, எந்தக் கோடைக்கும் வற்றாத அந்தக் கிணறு. கொம்பனியின் சட்டத்தரணி யோகநாதன் பழைய காணி உறுதிகளைக் கிண்டி, சின்னாச்சி வழியார் தங்கள் தண்ணீர் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தால்தான் வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனைக்குப் போன் வந்தது. “தங்கச்சி,” என்று கூப்பிட்டார் தியாகராசா. நாலு தலைமுறையாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாய்கூட உறவு சொல்லிக் கூப்பிடவில்லை. அன்னபாக்கியம் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள். தோட்டம் விற்ற காசில் ஒரு பங்கு தருகிறேன் என்றும் சொன்னார். வாடகை வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழும்பச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தான், யதுஷாவுக்கும் வயது போகிறது. சரி, பழையதைக் கிண்டி என்ன கிடைக்கப் போகிறது, ‘தங்கச்சி’ என்ற இந்த ஒரு சொல்லுக்காவது கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவோம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டில் நல்ல வரவேற்புத்தான். தியாகராசா எழுந்து நின்று வரவேற்றார். யோகநாதன் மேசையில் பத்திரத்தை விரித்து, எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பென்சிலால் புள்ளி போட்டிருந்தார். யதுஷா வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, சடாரென்று தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனையைத் தாயிடம் நீட்டினாள். அன்னபாக்கியம் கண்ணாடியை மாட்டினாள். பேனை புள்ளியில் பட்டுவிட்டது என்றே சொல்லலாம்.

அப்போதுதான் தியாகராசாவின் மனைவி பாலேஸ்வரி தட்டத்தோடு வந்தாள்.

யோகநாதனுக்குத் தேத்தண்ணி, தங்கக் கரை போட்ட கோப்பையில். தியாகராசாவுக்கும் அதே கோப்பை. தனக்கும் ஒன்று. கொட்டாஞ்சேனைக்காரருக்கு இரண்டு சோடாப் போத்தல், அவர்கள் கண்முன்னாலேயே மூடி திறந்து, கடதாசி சுற்றிய ஸ்ட்ரோவும் செருகி.

“வெயிலுக்குள்ளால வந்தனீங்கள். குளிராக் குடியுங்கோ,” என்றாள் பாலேஸ்வரி.

யதுஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவள் பாட்டுக்கு உறிஞ்சத் தொடங்கினாள். அன்னபாக்கியத்துக்கு விளங்கியது. கோப்பையில் கொடுத்தால் நாளைக்கு அந்தக் கோப்பையில் தாங்கள் குடிக்க வேண்டும். போத்தலென்றால் குடித்ததும் வெளியே போய்விடும். தகப்பன் போன வீடுகளிலெல்லாம் சிரட்டையிலே வந்தது, பிறகு தனியாக வைத்த தகரப் பேணியிலே வந்தது, இப்போது கம்பு மாதிரி ஒரு ஸ்ட்ரோவோடு வருகிறது. இன்னும் ஒரு கையெழுத்து நேரம் பொறுத்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அவர்களால் முடியவில்லை. பழகிய கை அது, கேட்டுக்கொண்டா செய்யும்?

ஆனாலும் அன்னபாக்கியம் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தாள்.

“எனக்கும் தேத்தண்ணியே தாங்கோ, மச்சாள்.”

பாலேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். “ஐயோ, கோப்பை காணாதே,” என்றாள்.

அவளுடைய முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரி. உள்ளே அதே தங்கக் கரைக் கோப்பைகள், அடுக்கியபடி.

அன்னபாக்கியம் பேனையை மூடினாள். மூடிய சத்தம் யோகநாதனுக்குக் கேட்டிருக்க வேண்டும், அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, அந்த மரணசாதனத்தில எங்கட பகுதியை ஒருக்காச் சத்தமா வாசியுங்கோ.”

“அது தேவையில்லை, அன்ரி. நீங்க இதில…”

“வாசியுங்கோ. என்ர மகள் கேக்கட்டும்.”

யோகநாதன் வாசித்தார். கிணற்றுக் கட்டு வந்த இடத்தில் குரல் தானாக இறங்கியது. யதுஷாவின் வாயிலிருந்து ஸ்ட்ரோ நழுவியது. அவள் போத்தலைப் பார்த்தாள், பிறகு மற்றவர்களின் கோப்பைகளைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

“உதெல்லாம் அந்தக் காலம், தங்கச்சி,” என்றார் தியாகராசா. “இப்ப ஆர் உதைப் பாக்கினம்?”

“அப்ப இந்தப் போத்தல் என்னத்துக்கு, அண்ணை?”

தியாகராசா பத்திரத்தை நேராக்கி வைத்தார்.

“அந்தக் கிணத்தடியில எங்கட அப்பாக்குத் தண்ணி வார்த்தது ஆரெண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ஒரு சின்னப் பிள்ளை படியில கால் வைக்க, ஏறாத எண்டு கத்தினது ஆரெண்டு ஞாபகம் இருக்கா?”

“நான் அப்ப பொடியன். பெரியாக்கள் சொன்னதைச் செய்தனான்.”

“சரி. பொடியன் செய்ததை நான் மன்னிக்கிறன். இப்ப நீங்கள் பெரியாள்தானே, நான் ஒண்டு சொல்லுறன், அதைச் செய்யுங்கோ. நான் ஊருக்கு வாறன். கட்டில ஏறுவன். நானே வாளியை விட்டு அள்ளுவன். நீங்கள் கீழ நிக்க வேண்டாம், கையேந்த வேண்டாம், உங்களுக்கு அந்த அவமானம் வேண்டாம். எனக்குப் பக்கத்தில கட்டிலயே நில்லுங்கோ. நான் குடிச்ச வாளியில நீங்களும் ஒரு மிடறு குடியுங்கோ. அந்த இடத்திலயே கையெழுத்து வைப்பன். உங்கட காசும் எனக்கு வேண்டாம்.”

காசு வேண்டாம் என்றதும் யோகநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சிம்பிளான விஷயம், சேர். நான் வாகனம் ஒழுங்கு பண்ணுறன்.”

தியாகராசா கோப்பையின் கரையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒரு மிடறு தண்ணீர். கோடி கோடியாகப் போகிற தோட்டம் அந்த ஒரு மிடற்றில் தொங்குகிறது. ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். உதவிக்கு வந்தது பாலேஸ்வரிதான்.

“இவருக்குக் கிணத்துத் தண்ணி ஒத்துக்கொள்ளாது. உடனே தும்மலும் தடிமனும் பிடிச்சிடும்.”

“கொம்பனிக்காரன் அதையே போத்தல்ல அடைச்சு வித்தா ஒத்துக்கொள்ளுமோ, மச்சாள்?” என்றாள் அன்னபாக்கியம். “எங்கள மாதிரி ஆக்கள் முகத்துவாரத்தில குடிப்பாங்கள், மாளிகாவத்தையில குடிப்பாங்கள். ஆர் தொட்டது, ஆர் அள்ளினது எண்டு கேக்கமாட்டாங்கள். உங்களுக்கு மட்டும்தான் தடிமன்.”

யதுஷா அதற்குள் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்திருந்தாள். தன் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. “சொறி, அங்கிள்,” என்றாள் யோகநாதனிடம். வீடு மாற வேண்டும் என்று மாதக் கணக்காக நச்சரித்தவளும் இவள்தான். அந்தக் கோடுகளைப் பார்த்த அன்னபாக்கியத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு அன்னபாக்கியம் செய்ததைத்தான் வெள்ளவத்தைக்காரர் சண்டை என்கிறார்கள். அவள் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்தாள். தட்டத்திலிருந்த தேத்தண்ணிப் போச்சியில் மிச்சமிருந்ததை ஊற்றினாள். வந்து இருந்து, கடலைப் பார்த்துக்கொண்டு, ஆறுதலாகக் குடித்தாள். சீனி காணாது, சாயமும் கூடிப்போயிருந்தது, ஆனாலும் அடி வரைக்கும் குடித்தாள்.

குடித்து முடித்து, மேசையிலிருந்த எல்லாக் கோப்பைகளையும் தன்னுடையதோடு சேர்த்துத் தட்டத்தில் வைத்துக் குசினிக்குக் கொண்டுபோனாள். “விடுங்கோ, விடுங்கோ, நான் பாக்கிறன்,” என்று பாலேஸ்வரி பின்னால் ஓடினாள். அன்னபாக்கியம் விடவில்லை. எல்லாவற்றையும் ஒரே பேசினுக்குள் போட்டு, ஒரே தண்ணீரில் கழுவி, ஒரே துணியால் துடைத்து, கொண்டுவந்து அலுமாரியில் மற்றக் கோப்பைகளோடு அடுக்கினாள். அடுக்கும்போது முன்னுக்கிருந்ததைப் பின்னுக்கும் பின்னுக்கிருந்ததை முன்னுக்கும் மாற்றி மாற்றி வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

“வாறன், அண்ணை. விக்கிறதெண்டா வில்லுங்கோ, உங்கட தோட்டம். ஆர் வாங்கினாலும் சின்னாச்சியின்ர ஆக்கள் தாகமெண்டு வருவினம் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ.”

சோடாப் போத்தல்கள் இரண்டும் மேசையிலேயே வியர்த்துக்கொண்டு நின்றன. தியாகராசா இந்த முறை எழுந்திருக்கவில்லை.

கீழே காலி வீதி என்கிற பெரிய தெருவில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் யதுஷா பேசினாள்.

“அம்மா, அவங்க இப்ப அந்தக் கோப்பைய எடுத்துக் குப்பையில போட்டிருப்பாங்க.”

“எதை?” என்றாள் அன்னபாக்கியம்.

யதுஷா ஒரு கணம் முழித்தாள். பிறகு வந்ததே ஒரு சிரிப்பு, பஸ் தரிப்பில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

“போடுறதெண்டா எல்லாத்தையும் போடட்டும்,” என்றாள் அன்னபாக்கியம், வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டு. “இல்லையெண்டா எங்களோட சேந்து குடிக்கட்டும்.”