மடித்த விளிம்பு

1.
இதில் எது நடந்தது, எது நான் பின்னால் பொறாமையில் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே தெளிவில்லை. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் சிரித்தது மட்டும் நிஜம். நடுவில் பலகைத் தடுப்புதான். சிரிப்பு அப்படியே இந்தப் பக்கம் வந்துவிடும்.

2.
முதல் தொடக்கம்: 'அவள் நல்ல ஆசிரியை. எனக்கு அவளைப் பிடிக்...'

(விட்டுவிட்டேன். இரண்டாவது வாக்கியத்திலேயே பொய்.)

இன்னொன்று: அப்போது இரண்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஒன்றில் பத்தொன்பது வருடமாக நான், மற்றதில் இரண்டு வருடமாக அவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சிரிப்பு மிஸ். எனக்கு உம்மணா மிஸ். கழித்தலுக்கு அவள் வரைந்த படத்தாளை ஆசிரியர்களுக்கான இணையதளம் ஒன்றில் இலவசமாகப் போட்டிருந்தாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், நகலெடுக்கலாம். ஒரே நிபந்தனை: அடியில் உள்ள ஆக்கியவர் பெயரை நீக்கக் கூடாது.

என் பாடத்தாள்கள் எல்லாம் பீரோவில், பூட்டி.

3.
ஒரு சனிக்கிழமை அந்தத் தாளை அச்செடுத்தேன். மரத்தில் பன்னிரண்டு பறவைகள், ஐந்து பறந்துவிட்டன, மீதி எத்தனை? 'பறந்தது எங்க போச்சு மிஸ்?' என்று என் வகுப்பில் ஒருத்தி கேட்பாள். அதனால் பறவைகள் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் பேருந்து வரைந்தேன். இறங்கிய ஐந்து பேரும் நிறுத்தத்திலேயே நிற்கிறார்கள். எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு, நகலெடுக்கும் முன், அடிவிளிம்பை உள்ளே மடித்தேன். அவள் பெயர் மடிப்புக்குள் போனது.

(கை அதுபாட்டுக்கு மடித்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். கை அதுபாட்டுக்கு எதையும் செய்வதில்லை.)

மடிப்பின் நிழல் முப்பத்திரண்டு தாளிலும் சாம்பல் கோடாக விழுந்திருந்தது. நான் கவனிக்கவில்லை.

4.
பிள்ளைகள் இறங்கியவர்களையும் மீதியையும் கூட்டிப் பன்னிரண்டு வருகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தலைமை ஆசிரியர் வந்தார்.

"டீச்சர், உங்க கிளாஸ்லயா சத்தம்னு வந்து பார்த்தேன். இது நீங்களே போட்டதா?"

நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துச் சாக்பீஸ் கேட்டு அவள் வந்தாள். ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். விரல் சாம்பல் கோட்டின் மேல் ஒரு முறை போய் வந்தது.

"பஸ் அக்காவோட யோசனை சார். எனக்குத் தோணவே இல்ல. என் பசங்க இன்னும் பறவையைத் தேடிட்டு இருக்காங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் எரிந்தது.

5.
முடிவு ஒன்று: மன்னிப்புக் கேட்டேன். (எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: அவள் என்னைக் காட்டிக்கொடுத்தாள். (இதற்குத்தான் ஏங்கினேன். வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.)

நடந்தது இது. மதிய இடைவேளையில் வந்து கேட்டாள்: "அக்கா, பஸ் தாளையும் தளத்துல போட்டுடலாமா? உங்க பேர் வேணும்."

"என் பேர் எதுக்கும்மா?"

"பின்ன? யாராவது மடிச்சிட்டா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை...

மணி அடித்தது.

6.
இந்தக் கதையையும் அதே தளத்தில், அதே நிபந்தனையோடு போடுகிறேன். முடிவு பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். என்னை மன்னிப்புக் கேட்க வைத்தாலும் சரி. அடிவிளிம்பை மட்டும் மடிக்காதீர்கள்.

மற்றபடி, தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அவள் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனாள். அங்கேயும் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். அன்றைய என் வகுப்புப் பிள்ளைகள் இப்போது நான்காம் வகுப்பில் வகுத்தல் போடுகிறார்கள். அவள் பெயர் கேட்ட மறுநாள் நான் ஒரு துண்டுத் தாளில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன், வேறு எதுவும் எழுதாமல். பேருந்துத் தாளின் அடியில் இப்போது இரண்டு பெயர்கள், அவளுடையது முதலில். ஒவ்வொரு தாளையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று தளம் காட்டும். தினமும் பார்க்கிறேன்.

பறவைத் தாள்தான் இன்னும் முன்னால் இருக்கிறது.